ஐயாவின் ஷெவர்லேக்கு எந்த ஆயில்?

"பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் ஊத்தணும் தம்பி."

ஆறு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் பங்கில், டீக்கடையில், பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டு வெளியே வரும்போதுகூட, வண்டியைப் பார்த்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. ஏன் என்பதை எழுதிவைத்தால், இந்தப் பக்கத்து வீடுகளின் கார் செட்டில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும் இதே மாதிரி இன்னொரு வண்டிக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1951 மாடல் ஷெவர்லே 3100 பிக்கப். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலிருந்து 1954 வரை பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை வைத்து வண்டி பூட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து வண்டி. ஐயா, அதாவது என் அப்பச்சியின் (அப்பாவின்) அப்பச்சி, பள்ளத்தூருக்குக் கொண்டுவந்தார். கல்யாணச் சாமான், நெல் மூட்டை, ஒருமுறை ஆத்தங்குடியிலிருந்து ஒரு வீட்டு வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, தேவையான தரைக்கல் முழுவதும் இதில்தான் வந்தது. ஐயா 1996இல் போனார். அதற்குப் பிறகு வண்டி செட்டை விட்டு நகரவில்லை. 28 வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, 2019இல் நான்தான் அதை வெளியே தள்ளினேன்.

முதலில் நடந்த தவறைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு பட்டறையில் விட்டேன். கார்புரேட்டர், பிரேக், வயரிங் எல்லாம் நன்றாகவே பார்த்தார்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 என்கிற கெட்டி ஆயிலை ஊற்றினார்கள். ஆயில் மீட்டர் முள் 25 பவுண்டைத் தொட்டு நின்றது. "பாருங்க சார், புது இன்ஜின் மாதிரி பிரஷர்" என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் குன்றக்குடி மலை கண்ணில் படும் தூரத்தில், வால்வ் பக்கமிருந்து தையல் மிஷின் மாதிரிச் சத்தம். முள் ஐந்துக்குக் கீழே. உடனே அணைத்துவிட்டேன். டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டுதான் வீடு வந்தோம்.

இரண்டாவது தடவை பட்டறைக்குப் போகவில்லை. தேவகோட்டையில் எழுபது வயது தாண்டிய பாய் ஒருவர், லாரி இன்ஜினிலேயே கை பழுத்தவர். வீட்டுக்கே வந்தார். கார் செட்டில் ஓலைப்பாய் விரித்து, அதன் மேல் சாக்கு விரித்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சேம்பரை இறக்கினோம். உள்ளே பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பு வண்டல். கரண்டியால் வெட்டி எடுக்கிற பதம். பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கிற சல்லடையில், ரசம் வடிகட்டியில் புளிச்சக்கை அப்பினாற்போல அதே வண்டல் அப்பிக்கிடந்தது. பாய் ஒன்றும் பேசாமல் சுண்டுவிரலால் வழித்து என் முன்னால் நீட்டினார்.

"புது ஆயிலு இதை எளக்கி விட்டுருச்சு தம்பி. முப்பது வருசத்து அழுக்கு. சேம்பரைக் கழட்டாம ஊத்துனா இப்பிடித்தான்."

விஷயம் இதுதான். ஐயா காலத்தில் ஊற்றியது கழுவும் மருந்து சேராத வெறும் ஆயில். அது அழுக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றாது, கீழே படியவிட்டுவிடும். இந்த இன்ஜினில் ஆயில் முழுவதையும் வடிகட்டி அனுப்புகிற ஃபில்டர் கிடையாது. வேண்டுமென்றால் ஓரமாகக் கொஞ்சம் ஆயிலை மட்டும் வடிக்கிற ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். அதனால் அடியில் படிவதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு. இப்போது கடையில் கிடைக்கும் ஆயில் அநேகமாக எல்லாவற்றிலும் கழுவும் மருந்து இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் பல வருஷ வண்டலின் மேல் அதை ஊற்றினால் வண்டல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, போகக்கூடாத இடத்துக்குப் போய் அடைக்கும். ஆகவே நின்றுகிடந்த வண்டியை எழுப்புகிறவர்கள் ஆயில் கேன் வாங்குவதற்கு முன்னால் சேம்பரைக் கழற்றுங்கள். ஒரு நாள் வேலை, ஒரு கேஸ்கட் செலவு.

எங்களுக்கு அதோடு போகவில்லை. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடுகளில் ஆறாம் நம்பரின் பேரிங், அதாவது வெள்ளை மெட்டல், தேய்ந்து வழிந்துவிட்டது. இப்போதைய வண்டிகளில் பேரிங் தனியாக வரும், மாற்றிக்கொள்ளலாம். இதில் மெட்டலை உருக்கி ராடிலேயே ஊற்றிக் கடைந்திருப்பார்கள். அதைச் செய்யத் தெரிந்த கையைத் தேடி மதுரை வரை போக வேண்டியிருந்தது. நாலு மாதம் வண்டி நின்றது.

அந்த நாலு மாதத்தில்தான் இந்த இன்ஜினுக்கு ஆயில் எப்படிப் போகிறது என்பதை உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். 216 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர். கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங்குக்கும், வால்வுகளைத் திறக்க வைக்கிற கேம் தண்டுக்கும் பம்ப் ஆயில் அனுப்புகிறது. ராடு பேரிங்குக்கு அனுப்புவதில்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் சின்னக் கரண்டி மாதிரி ஒரு மூக்கு. சேம்பருக்குள் அதற்கு நேர் கீழே ஒரு தொட்டி, அதில் ஆயில். ராடு சுற்றி வரும்போது கரண்டி தொட்டியில் முங்கி ஆயிலை மொண்டு மேலே ஏற்றிக்கொள்ளும். வேகம் கூடினால் முங்கி எடுக்க நேரம் போதாது; அப்போது ஆறு நாசில்களிலிருந்து ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து நேராகக் கரண்டியின் வாயில் அடிக்கும். ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதைத் தெரிந்துகொண்டால் 'கெட்டி ஆயில்' யோசனை ஏன் தவறு என்பது தானாக விளங்கும். வெந்நீரில் கரண்டி போட்டு எடுத்தால் அந்த இடம் உடனே நிரம்பும். பாகில் போட்டு எடுத்தால் பள்ளம் விழும், மூடக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் அடுத்த கரண்டி வந்து வெறும் பள்ளத்தைத்தான் துழாவும். காலையில் ஆறிப்போன இன்ஜினைக் கிளப்பியதும் நடப்பது இதுதான். அந்த 25 பவுண்டும் பிரஷர் அல்ல, ஆயில் போகச் சிரமப்படுகிறது என்பதற்கு அடையாளம். மீட்டரில் இருக்கிற கடைசி எண்ணே 30. நன்றாக இருக்கிற இன்ஜின் சூடேறிய பிறகு 14 பவுண்டு காட்டினால் போதும். இப்போதைய கார்களின் 40, 50 பவுண்டை மனசில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் பயம்தான் வரும். பயந்துபோய்க் கெட்டியாக ஊற்றுகிறோம்.

டப்பாவில் இருக்கிற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் ஆறிய நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது 100 டிகிரியில் எவ்வளவு கனமாக நிற்கும் என்பதற்கு. 100 டிகிரியில் 40ஆம் நம்பர் ஆயிலின் பாகுநிலை, சென்டிஸ்டோக்ஸ் கணக்கில், 12.5இலிருந்து 16.3க்குள் இருக்க வேண்டும். 50ஆம் நம்பர் என்றால் 16.3இலிருந்து 21.9க்குள். வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். 40 டிகிரிக்கு வந்து பாருங்கள்: 15டபிள்யூ-40 பெரும்பாலும் 110ஐ ஒட்டி இருக்கும், 20டபிள்யூ-50 சாதாரணமாக 160ஐத் தொடும். 40 டிகிரி என்பது நம்மூர்க் கத்திரி வெயில். அதாவது நம்மூரின் உச்ச வெயிலில்கூட, கிளப்பாமல் நிற்கிற இன்ஜினுக்குள் ஆயில் அத்தனை கனமாகக் கிடக்கிறது. மார்கழி விடியலில் கேட்கவே வேண்டாம். "நம்ம ஊரு சூட்டுக்கு கெட்டிதான் தாங்கும்" என்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொரு கவலை, துத்தநாகம். பழைய இன்ஜினில் கேமும் அது தள்ளுகிற டேப்பெட்டும் நேராக உரசும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து வேண்டும். புதுக் கார்களின் புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அது கெடுக்கிறது என்று, 2004இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) எஸ்எம் தரத்திலிருந்து 10டபிள்யூ-30 போன்ற இலேசான பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிவிட்டார்கள். இதைக் கேட்டுப் பயந்து தனியாக மருந்துப் புட்டி வாங்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் இன்ஜினுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் முடிவு. இதன் வால்வ் ஸ்பிரிங் மெத்தென்றது, பந்தய இன்ஜின் மாதிரிக் கேமை அழுத்துவதில்லை. போதுமான துத்தநாகம் லாரி, டிராக்டருக்கு விற்கிற டீசல் ஆயிலிலேயே இருக்கிறது.

எங்கள் தேர்வும் அதுதான்: 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 தரம், சாதாரண மினரல் ஆயில். தேவகோட்டை ரஸ்தாவில் டிராக்டர் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஆயிலா என்று கடைக்காரர் கேட்பார். டப்பாவின் பின்பக்கத்தில் சிஐ-4க்குப் பக்கத்திலேயே எஸ்எல் என்று பெட்ரோல் தரமும் போட்டிருக்கிற கேனாகப் பார்த்து வாங்குங்கள். நடுவில் ஒரு தடவை 10டபிள்யூ-30 ஊற்றியும் பார்த்தேன். காலையில் அருமையாக எடுத்தது. ஆனால் மதியம் சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்துகொண்டு போகும்போது முள் எட்டுக்கு இறங்கியது, பின்பக்க ஒழுகலும் கூடியது. மெயின் பேரிங் புதிதாக இருக்கிற வண்டிக்கு அதுவே சரியாக இருக்கலாம். எங்களுடையது எழுபது வருஷம் தாண்டிய கிராங்க்.

சிந்தெடிக் வேண்டாம் என்பதற்குக் காரணம் விலை மட்டுமில்லை. ஃபில்டர் இல்லாத இன்ஜினில் எந்த ஆயிலானாலும் 1,500 கிலோமீட்டரில் வடித்துவிட வேண்டும். பதினைந்தாயிரம் ஓடக்கூடிய ஆயிலை அதற்குள் வடித்துக் கொட்ட மனசு வராது, மனசு வராமல் தள்ளிப்போடுவோம். கழுவும் மருந்தே இல்லாத எஸ்ஏ தர ஆயிலைத் தேடிப்பிடித்து "ஒரிஜினலா ஊத்தணும்" என்பவர்களுக்கும் இதுவே பதில்: சேம்பரைச் சுத்தம் செய்தாகிவிட்டது, இனி எதற்கு வண்டல்?

சேம்பரை மறுபடி ஏற்றும் முன் பாய் ஒரு காரியம் செய்தார். கிணற்றடியில் சேம்பரைச் சமமாக வைத்து, ஆயில் வருகிற குழாயில் மோட்டார் ஹோஸைச் சொருகித் தண்ணீரைத் திறக்கச் சொன்னார். ஐந்து நாசில் ஒரே உயரத்தில், வளையாமல், நூல் பிடித்தாற்போலப் பீய்ச்சின. நாலாவது மட்டும் இடது பக்கம் சாய்ந்தது. பாய் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குறட்டால் அந்த நாசிலை ஒரு மயிரிழை திருப்பினார். தண்ணீர் நிமிர்ந்தது. மறுபடி ஒரு மயிரிழை. "இப்ப கரண்டி வாயில விழும்" என்றார். ஆத்தா வளவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "கோயில் அபிசேகம் மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்து, அதற்கப்புறம்தான் பூட்டினோம்.

இப்போது வழக்கம் இப்படி. ஆயிலை இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடிப்பேன்; அழுக்கு மிதந்துகொண்டிருக்கும்போதே வெளியேறிவிடும். வருஷத்தில் 1,500 கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் தை பிறக்கும் முன் ஒரு தடவை மாற்றிவிடுவேன். அஞ்சாறு கிலோமீட்டர் மட்டும் போய் வந்து நிறுத்தினால் உள்ளே ஈரம் கோத்து ஆயில் கெடுகிறது. அதனால் வாரத்துக்கு ஒரு நாள் கண்டனூர், புதுவயல் என்று நன்றாகச் சூடேறும் மட்டும் ஓட்டுகிறேன். வடித்த ஆயிலைக் கேனில் அடைத்துப் பாயிடம் கொடுத்துவிடுவேன், அவர் பீப்பாயில் சேர்த்து எடுக்க வருகிறவர்களிடம் போடுகிறார். ஊருணிச் சரிவில் கழிவு ஆயிலைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் தாங்காது. மழை பெய்தால் அது எங்கே போகும் என்று தெரியாதவர் இந்த ஊரில் யாருமில்லை.

இந்தத் தையில் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைக்கு இதே வண்டியில்தான் போனோம். பின்னால் வெண்கலப் பானை, விறகு, கரும்பு. முன்னால் ஆத்தாவும் நானும். போகும்போது முள் 15, வெயிலில் திரும்பும்போது 13. வீட்டுக்கு வந்து கால் மணி நேரம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு நெல் அளவு கீழே. இன்ஜின் பிடிப்பது சுமார் 4.7 லிட்டர். ஐந்து லிட்டர் கேனில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிஞ்சும். அதிலிருந்து ஒரு மடக்கு ஊற்றினேன், கோட்டுக்கு வந்துவிட்டது. மீதியை ஆத்தா வாங்கிக்கொண்டு போய் முகப்புக் கதவின் குடுமியில் விட்டார். ஐயா இருந்தவரை அதற்கு விளக்கெண்ணெய்தான்.