எட்டுத் தவணை

மே 11, 2025, ஞாயிறு

நைட் டூட்டி முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். இன்று நல்லாயன் ஞாயிறு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1964-ல் தொடங்கிவைத்த இறையழைத்தல் மன்றாட்டு நாளும் இதுதான். குருவாகவும் துறவியாகவும் வர ஆட்களைக் கடவுள் அழைக்க வேண்டும் என்று வேண்டுகிற நாள். மூன்று நாளைக்கு முன்புதான் பதினான்காம் லியோவைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அகுஸ்தினார் சபைத் துறவி, துறவியாக வாழ்வேன் என்று கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவர் என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னபோது எனக்கு ஏனோ கண் கலங்கியது.

போன மாதம் மடத்தில், சிஸ்டராகச் சேர நினைக்கிறவர்களுக்கான 'வந்து பாருங்கள்' முகாமுக்குப் போய்வந்தேன். யோவான் நற்செய்தியில் அந்த வார்த்தையைக் கேட்டு இயேசுவின் பின்னால் போன இரண்டு சீடர்கள் அன்று அவரோடு தங்கினார்கள். என்ன பேசினார்கள் என்று ஒரு வரி கிடையாது. மாலை நான்கு மணி இருக்கும் என்று நேரம் மட்டும் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். முகாமில் கேட்ட வகுப்புகள் பாதி மறந்துவிட்டன. இரண்டாம் நாள் மாலைப் புகழ் என்கிற மாலை ஜெபத்தில் சிஸ்டர்கள் இரண்டு பக்கமாக நின்று திருப்பாடலை மாறி மாறிச் சொன்னதும், நடுவே நிறுத்தும்போது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டதும் அப்படியே நிற்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

இறையழைத்தலுக்குப் பொறுப்பான சிஸ்டரைப் பார்த்தேன். "தோத்திரம் சிஸ்டர்" என்று சொல்லி உட்காருவதற்குள் டீ வந்துவிட்டது. ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமணம் ஆகவில்லை என்பதற்குப் பங்கிலிருந்து கடிதம், மருத்துவச் சோதனை. ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். கடைசியில் கேட்டார்: "கடன் ஏதும் உண்டாம்மா?"

உண்டு. நர்சிங் படிக்க வாங்கிய கல்விக் கடன். இன்னும் 51,200 ரூபாய். மாதம் 6,400, எட்டுத் தவணை.

அடைக்க முடியாத கடனோடு வருகிறவர்களை நவதுறவகத்தில், அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சியில், சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறதாம், 644-வது சட்டம். என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டார். "இது உங்களைத் தடுக்கிறதுக்கு இல்லம்மா. உள்ள வந்தப்புறம் சம்பளம்னு ஒண்ணு உங்க கைக்கு வராது. அப்போ அத யார் கட்டுவா?"

யார் கட்டுவார் என்று எனக்குத் தெரியும். கடன் பத்திரத்தில் என் கையெழுத்துக்குக் கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இப்போது வீட்டில்தான் வலை முடைந்துகொண்டிருக்கிறார்.

"அடைச்சிட்டு வாங்க. ஆண்டவர் எங்கயும் போயிர மாட்டார்."

ஜூன் 26, வியாழன்

ஒரே வறட்சி. ஜெபமாலை வாயில் ஓடுகிறது, மனசு ஒட்டவில்லை. இது அழைத்தலா, இல்லை ராத்திரி டூட்டியிலிருந்தும் கல்யாணப் பேச்சிலிருந்தும் தப்பிக்கிற ஆசையா? நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆன்ம வழிகாட்டி ஃபாதரிடம் சொன்னேன். வறட்சியில் இருக்கும்போது முன்னால் எடுத்த முடிவை மாற்றாதே என்பது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் விதி என்றார். 1521-ல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்க, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து அவர் கண்டுகொண்டதை விளக்கினார். சீமாட்டிக்காக வீரச்செயல் செய்கிற கனவு அவருக்கு இனித்தது, ஆனால் கலைந்ததும் வெறுமைதான். புனிதர்களைப்போல வாழ்வதை நினைத்தபோதும் இனித்தது. அது முடிந்த பிறகும் மனம் நிறைந்தே இருந்தது.

நானும் அப்படியே செய்துபார்த்தேன். வந்திருக்கிற வரனில் ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டில் என்னை வைத்து நினைத்துப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் பஸ் ஏறும்போது அது போய்விட்டது. மாலைப் புகழ் மட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூத்துக்குடி பனிமய மாதா திருநாள். கூட்டத்தில் நசுங்கி மாதாவைப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டில் அம்மா கோயிலுக்குக் கட்டிய பட்டுச் சேலையை மடிக்க, மறுமுனையை நான் பிடித்திருந்தேன். அப்போது சொன்னேன். அவ்வளவு நீளச் சேலை நடுவில் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. மடித்துக்கொண்டே என் கை வரைக்கும் வந்து, முனையை வாங்கிக்கொண்டு, "இத உனக்குன்னுதான் வச்சிருந்தேன் மக்கா" என்றாள்.

அப்பா ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, "இன்னும் எத்தன தவண?" என்றார். ஆறு என்றேன். "அத நான் பாத்துக்கிடுதேன். நீ கெளம்பு."

சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிற நான் அந்த ஏழ்மையை அப்பா தலையில் ஏற்றிவிட்டுப் போவதா? "வேண்டாம்ப்பா, நானே கெட்டிருதேன்" என்றேன். அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு வெளியே போய் நின்றார்.

அக்டோபர் 1, புதன்

குழந்தை தெரேசா திருநாள். 1888-ல் பதினைந்து வயதில் கார்மல் மடத்துக்குப் போனவர். சிறு வயதிலிருந்தே அவர்மேல் எனக்குப் பொறாமை. இந்த வருடம் அவருடைய அக்காள் செலினை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். செலினுக்கும் அதே ஆசைதான். ஆனால் அப்பா நோயில் விழுந்ததால் வீட்டில் நின்று பார்த்துக்கொண்டார். 1894 ஜூலையில் அப்பா இறந்தார். செப்டம்பர் 14 அன்று செலின் மடத்துக்குள் போனார். தங்கையைவிட நான்கு வயது மூத்தவர், ஆறு வருடம் பின்னால் போனார். அப்போது அவருக்கு 25 வயது. எனக்கும் 25.

இப்போது டூட்டியிலேயே காலைப் புகழ் சொல்லப் பழகிவிட்டேன். ஐந்தரைக்கு எல்லாருக்கும் டெம்பரேச்சர் பார்த்து எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. விடியல் விண்ணிலிருந்து நம்மைத் தேடிவருகிறது என்று செக்கரியாவின் பாடலைச் சொல்லும்போது வார்டு ஜன்னலில் உண்மையாகவே வெளிச்சம் வரும். ஏழாம் கட்டிலில் இருக்கும் பாட்டி முக்காடு போட்டுக்கொண்டு கூடவே கைகூப்புகிறார்.

பிப்ரவரி 2, 2026, திங்கள்

ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். 1997 முதல் துறவியருக்கான நாளும்கூட. கடைசித் தவணையைப் போன மாதமே கட்டிவிட்டேன். வங்கி கொடுத்த கடிதத்தை அப்பா இரண்டு தடவை வாசித்தார்.

திருப்பலி முடிந்து அம்மாவோடு பங்கு அலுவலகத்துக்குப் போனேன். 2000-ம் வருட ஞானஸ்நானப் பதிவேட்டை ஃபாதர் எடுத்தார். என் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், மை மங்கிப்போன கையெழுத்து. ஓரத்தில் ஒன்றும் இல்லை. அம்மா தன்னுடையதையும் பார்க்கக் கேட்டாள். பழைய ஏடு, அவள் பெயருக்கு நேரே ஓரத்தில் அப்பா பெயரும் கல்யாணத் தேதியும் இருந்தன. வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தால் உன் பெயர் ஓரத்திலும் எழுதுவோம் என்றார் ஃபாதர். நவதுறவகத்தில் மட்டுமே குறைந்தது 12 மாதம், முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது மூன்று வருடம். அம்மா விரல்விட்டு எண்ணினாள்.

ஜூனில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கொண்டுவர வேண்டியவை: வெள்ளைச் சுடிதார், போர்வை, தட்டு, டம்ளர். தட்டு வாங்க வேண்டாம் என்றாள் அம்மா. புதுநன்மைக்கு வந்த எவர்சில்வர் தட்டு, என் பெயர் வெட்டியது, பரணில் இருக்கிறதாம். சாயங்காலம் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.