மூன்று ஓட்டும் ஒரு கையெழுத்தும்

10.11.2024, ஞாயிறு, ரோஸ் ஹில்

காலையிலேயே மகளோடு வரிசையில் நின்றேன். அவளுக்கு முதல் ஓட்டு. மொரீஷியஸ் தீவில் தொகுதிக்கு மூன்று உறுப்பினர். சீட்டில் மூன்று பேருக்குக் குறி போட்டே ஆகவேண்டும். குறைந்தாலும் கூடினாலும் செல்லாது. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவள் கேட்டாள்: "ஜெயிச்சப்புறம் இவங்களை யாருப்பா கேள்வி கேப்பா?"

12.11.2024, செவ்வாய்

தீவின் 20 தொகுதிகள், 60 இடங்கள். அறுபதும் நவின் ராம்குலாம் கூட்டணிக்கே. நாட்டின் இன்னொரு தீவான ரோட்ரிக்ஸின் இரண்டு இடங்கள்தான் வேறு கட்சிக்கு. 1982, 1995க்குப் பிறகு இப்படி நடப்பது மூன்றாம் முறை. சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் மகளின் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. எதிர்வரிசை இவ்வளவு மெலிந்த சபையில், ஆளுகிறவர்கள் தாங்களே தங்களுக்குக் கடிவாளம் போட்டுக்கொள்ள வேண்டும். அது லேசில்லை.

13.11.2024, புதன்

ராம்குலாம் பிரதமரானார். அவருக்குப் பழகிய நாற்காலி.

6.12.2024, வெள்ளி

நாடாளுமன்றம் தரம் கோகுல் என்பவரை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. "அலங்காரப் பதவிதானே?" என்றாள் மகள். சித்தப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "2002 பிப்ரவரி தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார்.

பயங்கரவாதத் தடுப்பு மசோதா. மக்களின் உரிமைகளை நசுக்கும் என்று அன்றைய ஜனாதிபதி காசம் உத்தீம் கையெழுத்திட மறுத்தார். மசோதாவை ஜனாதிபதி ஒருமுறை திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தே ஆகவேண்டும். மனம் ஒப்பாதவருக்கு ஒரே வழி, விலகுவது. 15ஆம் தேதி விலகினார். பொறுப்பு துணை ஜனாதிபதி அங்கிடி செட்டியாரிடம் வந்தது. நம் தமிழர். அவரும் பேனாவைத் தொடவில்லை. 18ஆம் தேதி விலகிவிட்டார். பிறகு தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை தற்காலிகமாகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார். 25ஆம் தேதி கார்ல் ஆஃப்மன் ஜனாதிபதியானார்.

"சட்டம் எப்படியும் வந்துடுச்சே தாத்தா, விலகி என்ன பிரயோஜனம்?"

"வந்துச்சு. ஆனா அவங்க கையால வரலை. ரெண்டு பேர் பதவியை விட்டதுக்கப்புறம்தான் அந்தச் சட்டத்துல என்னதான் இருக்குன்னு எங்க தெருவே கேட்டுது."

எனக்கும் அதே எண்ணம்தான். தோற்பது தெரிந்தே விலகுவதும் மக்களுக்குச் சொல்லும் பதில். ராம்குலாமின் முந்தைய ஆட்சியில், 2007இல், செட்டியாரை மறுபடியும் துணை ஜனாதிபதி ஆக்கினார்கள். 2010இல் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

மகள் இப்போது மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் தருவதைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.