படு, லைட் அணைக்கணும்

"அப்ப அந்தப் பக்கத்துப் பிள்ளைங்கள யாரு மிஸ் காக்கிறது?"

நான் சொன்ன பதில்: "அது வேற இஸ்ரவேல்டா, இது வேற. படு, லைட் அணைக்கணும்."

2023 டிசம்பர் முதல் வாரம். ராத்திரி ஜெபத்தில் எங்கள் விடுதிப் பையன்கள் சொல்வது எப்போதும் 121-ஆம் சங்கீதம்தான். 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்பதை ஏற்காட்டு மலைமேல் நின்று நாற்பது குரல்கள் சேர்ந்து சொல்லும்போது, அன்றைய அலுப்பெல்லாம் எனக்குப் போய்விடும். நாலாவது வசனம்: 'இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை.' எத்தனையோ வருஷமாக வாய் சொல்லிக்கொண்டு போன வரி. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் நின்றுவிட்டான்.

அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். தீபாவளி லீவில் பெரியப்பா போனில் காசா வீடியோ பார்த்திருக்கிறான். இடிபாட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அதன் ஒரு காலில் மட்டும் செருப்பு. "இன்னொரு செருப்பு எங்க மிஸ் போச்சு?" என்று இரண்டு தடவை கேட்டான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பெரியப்பாவுக்குத் திட்டு விழும் என்றும் கேட்டுக்கொண்டான். சரி என்றேன்.

'அது வேற, இது வேற' என்றது பொய்யில்லை. யாக்கோபுக்கு தேவன் கொடுத்த பெயர் இஸ்ரவேல், பிறகு ஒரு ஜனத்தின் பெயர். செய்தித்தாளில் வரும் இஸ்ரேல் 1948-இல் உருவான அரசு. தமிழில் எழுத்தே வேறாக இருப்பது நமக்கு வசதி. ஆனால் அவன் சபையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அதோடு அவன் கேட்டது பெயரைப் பற்றியே அல்ல. அது அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும்தான் படு என்றேன்.

மறுநாள் சாயங்காலம் படிப்பு நேரத்துக்குப் பிறகு அவனை உட்கார வைத்து, முடிந்த அளவு நேராகச் சொன்னேன். அக்டோபர் 7-ஆம் தேதி காசாவின் ஆயுத இயக்கமான ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது, இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது, அதில் குழந்தைகளும் உண்டு என்று சொன்னேன். காசாவில் நம்மைப் போல கிறிஸ்தவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அங்கே ஒரு பழைய தேவாலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மேலேயே கட்டடம் விழுந்தது என்றும் சொன்னேன். காசாவில் எத்தனை பேர் என்று கேட்டான். அந்த டிசம்பர் நடுவிலேயே 18,000 தாண்டிவிட்டதாக அங்கத்திய சுகாதாரத் துறை சொன்னது. "நிறைய" என்று மட்டும் சொன்னேன். ஒரு பக்கத்துக்கு எண், இன்னொரு பக்கத்துக்கு 'நிறைய'. இது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன். பயந்துவிடுவான் என்று நினைத்தேன். பயந்தது நானாகவும் இருக்கலாம்.

பிறகு என் போனில் ஒரு படம் காட்டினேன். பெத்லகேம் லூத்தரன் சபையில் அந்த வருஷக் குடில். மாட்டுத் தொழுவம் இல்லை. உடைந்த சிமெண்ட் கட்டிகள், நடுவில் குழந்தை இயேசு. 'யார் காக்கிறது' என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான். அவர் அவர்களோடுதான் கிடக்கிறார் என்றேன். முழு மனசோடு சொன்னேன்.

படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். "இயேசுவையும் யாரும் காக்கலையா மிஸ்?"

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பையன்கள் விடுதி வராந்தாவில் குடில் போட்டார்கள். சில்வர் ஓக் மரத்தில் உரித்த பாசி, காபிக் குச்சி, வைக்கோல். பாத்ரூம் வேலையில் மிஞ்சிக் கிடந்த ஓட்டுச் சில்லு மூன்றைக் கொண்டுவந்து இவன் குழந்தையின் மேல் சாய்த்து வைத்தான், முகம் மட்டும் தெரிகிற மாதிரி. மற்ற பையன்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் இவன் பக்கம் நின்றேன், இருக்கட்டும் என்றேன்.

சனிக்கிழமை காலை, பெற்றோர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், நானேதான் அந்தச் சில்லுகளை எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

அவன் அம்மா சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், பெரியப்பா போனைத் தவிர. "அவன் சின்னப் பையனுங்க மிஸ். வீட்டுல நியூஸே வைக்கிறதில்லைங்க. எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கச் சொல்லியிருக்கு, தினமும் வேண்டிக்கிறோம். அதுக்கு மேல அவனுக்கு எதுக்குங்க?" குரலை உயர்த்தவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் காட்டியதற்கு முன்பே அவன் பார்த்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பாரம் இறங்கியிருக்கும். பையனுக்குக் கொடுத்த வாக்கு. மன்னிச்சுக்கோங்க என்றேன்.

அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. பத்து வயதுக்கு எவ்வளவு பாரம் தூக்க முடியும் என்பது பெற்றவளுக்குத் தெரியும், வார்டனுக்கு அவ்வளவு தெரியாது. அந்த வாரம் முழுக்க அவன் லைட்டை அணைக்க வேண்டாம் என்று கேட்டான். அதை மறைத்து இதை எழுதக்கூடாது. ஆனால் எனக்குப் பன்னிரண்டு வயதில் சுனாமி வந்தது. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குப் போனவர்களே செத்தார்களே என்று அழுத என்னிடம், 'பாவத்துக்குத் தண்டனை' என்று ஒரு உறவினர் சொன்னார். அப்பா மறுத்துப் பேசவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்றதை நான் படித்தது கல்லூரிக்குப் போன பிறகு. அதுவரைக்கும் அந்த ஒரு பதிலோடுதான் கிடந்தேன். பெரியவர்கள் வாய் மூடிக்கொண்டால் அந்த இடத்தில் வேறு யாரோ பேசிவிடுகிறார்கள். அதனால்தான் சொன்னேன். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அந்த மூன்று சில்லும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. கோல மாவுப் புள்ளி மாதிரி வைக்கோலில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்திருந்தது. அதையும் ஊதித் தள்ளினேன்.

அன்று எல்லோரும் போன பிறகு அவன் குடில் பக்கம் போய் நின்றான். சில்லு எங்கே என்று கேட்பான், பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. குழந்தையின் மேல் கொஞ்சம் வைக்கோலை இழுத்துப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். பெரிய பையன்கள் விடுதிக்கு மாறும் வரைக்கும் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

ஜனவரியிலிருந்து ராத்திரி ஜெபத்துக்கு 23-ஆம் சங்கீதம் வைத்திருக்கிறேன். சின்னது, சீக்கிரம் மனப்பாடமாகும் என்று மற்ற வார்டன்களிடம் சொன்னேன். பையன்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.