ரிங்கிங்கை எங்கே அடக்குவது?

நான் செய்துகொடுத்த 12 வோல்ட், 2 ஆம்ப் பவர் சப்ளை ஒன்று மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. மூன்று தடவையும் மாஸ்ஃபெட்தான் (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) போயிருந்தது, அதுவும் ராத்திரியில். தோட்டத்து மோட்டார்களை நிறுத்தியதும் அந்தப் பக்கம் வோல்டேஜ் 260 வரை ஏறும்.

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாக 230 கொடுத்து, மாஸ்ஃபெட்டின் ட்ரெயின் காலில் ஸ்கோப்பை (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்தேன். புரோபின் நீளமான கிரவுண்டு வயரே கொஞ்சம் ஆட்டம் சேர்த்தது. அதைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் முனையைப் போட்டதும்தான் உண்மை தெரிந்தது: உச்சி 610 வோல்ட், அதன் பின்னால் 4 மெகாஹெர்ட்ஸில் துள்ளல், அதாவது ரிங்கிங். போட்டிருப்பதோ 650 வோல்ட் வரை தாங்கும் மாஸ்ஃபெட். 260 வந்தால் உள்ளே டிசி இன்னும் 40 வோல்ட் ஏறும், உச்சியும் 650ஐத் தொடும். கணக்கு முடிந்தது.

முதலில் கை போனது ஸ்னப்பருக்குத்தான், துள்ளலை உறிஞ்சும் கெப்பாசிட்டர்-ரெசிஸ்டர் ஜோடிக்கு. ட்ரெயினில் 220 பிகோஃபேரட் கெப்பாசிட்டர் சேர்த்தேன், அலைவெண் சரியாகப் பாதியானது. அப்படியென்றால் ஏற்கெனவே அங்கே ஒளிந்திருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, 73 பிகோஃபேரட். அதோடு சேர்ந்து துள்ளுவது டிரான்ஸ்பார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (ஒரு சுருளிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேராத காந்தப்புலத்தால் வருவது), 22 மைக்ரோஹென்றி. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ரெசிஸ்டர் 560 ஓம். துள்ளல் அழகாகப் படுத்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் அந்தக் கால் வாட் ரெசிஸ்டரும் பழுப்பாகி நாற்றமடித்தது. 65 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டரை நிரப்பிக் காலி செய்யவே ஒன்றரை வாட்டுக்கு மேல் வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவசரம்.

லீக்கேஜையே குறைத்துவிடலாம் என்று டிரான்ஸ்பார்மர் சுற்றித் தரும் அக்காவிடம் போனேன். அவர் 60 சுற்று பிரைமரியை (உள்வரும் பக்கச் சுருள்) முழுசாகச் சுற்றி, மஞ்சள் டேப் ஒட்டி, மேலே 8 சுற்று செகண்டரி (வெளிவரும் பக்கச் சுருள்) போடுவார். "பிரைமரி பாதி, நடுவுல செகண்டரி, அப்புறம் மீதிப் பாதி. முடியுமாக்கா?" என்றேன்.

"ரெண்டு தடவை டேப் ஒட்டணுமே தம்பி" என்றார். ஆனாலும் பாபினை எடுத்தார். 30 சுற்று முடிந்ததும் கம்பியை அறுக்காமல் ஓரத்தில் மடக்கி நிறுத்தி, டேப் போட்டு, எட்டுச் சுற்றையும் இடைவெளி விட்டு அகலம் முழுக்கப் பரப்பினார். பரப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவர் கைப்பழக்கம், லீக்கேஜ் குறைய அதுவும் உதவும்.

செகண்டரியை ஷார்ட் செய்து பிரைமரியில் அளந்தேன்: 9 மைக்ரோஹென்றி. உச்சி 520க்கு இறங்கியது. ஸ்னப்பரைக் கழற்றிவிட்டேன், ஏற்கெனவே இருந்த ஆர்சிடி கிளாம்ப் (உச்சியை வெட்டும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு) மட்டும் போதுமாக இருந்தது, அதுவும் முன்பைவிடச் சூடு குறைவு.

சும்மா கிடைக்கவில்லை. செகண்டரியின் இரு பக்கமும் பிரைமரி வந்ததால் இரண்டுக்கும் இடையிலான கெப்பாசிட்டன்ஸ் கூடி, மேசை ரேடியோவில் மீடியம் வேவ் இரைச்சல் அதிகமானது. இரைச்சலை அடக்கும் ஒய் கெப்பாசிட்டரையும் உள்வரும் சோக்கையும் மாற்ற வேண்டியிருந்தது.

அக்கா இப்போது ஒரு பீஸுக்கு மூன்று ரூபாய் கூட்டிக் கேட்கிறார். ரெண்டு டேப்பாம்.