தகுதியுரையில் இடம்பெறும் பெயர்கள்

சிறுபான்மை இனச் சமூகம் ஒன்றின் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளுக்கான தேர்வுக் குழுவில் மூன்று ஆண்டுகளாக இருந்து வருகிறேன். பொறுப்பேற்றபோது, வருகிற பரிந்துரைகளைப் படித்து மதிப்பெண் இடுவதுதான் வேலை என்று எண்ணியிருந்தேன். முதல் ஆண்டின் பரிந்துரைகளைப் படித்து முடித்த இரவில் மனம் நிறைவடையவில்லை. தொழில் நடத்துகிறவர்கள், உயர்பட்டம் பெற்றவர்கள், மேடைகளில் அறியப்பட்டவர்கள் ஆகியோரின் பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சமூகத்தில் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் ஒரு பெண்மணியின் பெயர் அவற்றில் இல்லை. தாங்கள் வாழும் நாட்டின் மொழி பேசத் தெரியாத முதியவர்களுடன் மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை மருத்துவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையைப் பல ஆண்டுகளாக ஊதியமின்றிச் செய்து வருபவர் அவர். ஏன் எவரும் பரிந்துரைக்கவில்லை என்று விசாரித்தேன். வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்தோம் என்பதே பலருடைய பதிலாக இருந்தது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சிறுபான்மை இனத்தவரின் சாதனைகளைக் கொண்டாடுவதற்கென்று தனியாக விருதுகள் எதற்கு, அவை யாருடைய கண்களால் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதே அது. பொதுவான விருதுகளில் தகுதியுடையவர்கள் எல்லோரும் இடம்பெறலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 1940-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஆஸ்கர் விழாவைப் பற்றித்தான். சிறந்த துணை நடிகைக்கான விருதை அன்று பெற்ற ஹாட்டி மெக்டேனியல், ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். விழா நடந்த விடுதி கறுப்பினத்தவரை அனுமதிப்பதில்லை என்பதால், அவரை உள்ளே அழைத்துவர அவருடைய படத்தின் தயாரிப்பாளர் தனியாகக் கேட்டு அனுமதி பெற வேண்டியிருந்தது. உடன் நடித்தவர்கள் அமர்ந்திருந்த மேசையில் அவருக்கு இடமில்லை. சுவரோரமாக இருந்த சிறு மேசையிலிருந்து எழுந்து சென்றுதான் அவர் அந்த விருதைப் பெற்றுக்கொண்டார். நடிப்புக்கான ஆஸ்கரை அடுத்த கறுப்பினப் பெண் பெறுவதற்கு 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்டேனியல் தம் விருதை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். அது பின்னர் காணாமற்போனது. அதற்குப் பதிலாக வேறொன்றை ஆஸ்கர் அகாதமி அப்பல்கலைக்கழகத்துக்கு வழங்கியது 2023-இல்.

இந்த விழாவுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்கக் கறுப்பின மக்கள் வேறொரு வழியைக் கண்டிருந்தார்கள். என்.ஏ.ஏ.சி.பி. என்ற எழுத்துகளால் அறியப்படும் அவர்களின் உரிமைச் சங்கத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜோயல் ஸ்பிங்கார்ன் என்ற யூத இன இலக்கிய அறிஞர் 1914-இல் நிறுவிய தங்கப் பதக்கம் அவர் பெயராலேயே வழங்கப்பட்டு வருகிறது. கறுப்பின மக்களைப் பற்றிய செய்தி என்றாலே குற்றமும் வன்முறையும்தான் என்று நாளிதழ்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய உயர்ந்த சாதனைகளை நாடு முழுவதும் கவனிக்க வேண்டும் என்பதும், இளையோருக்கு அது ஊக்கமாக அமைய வேண்டும் என்பதும் அதன் நோக்கங்கள். 1915-இல் முதல் பதக்கத்தைப் பெற்றவர் எர்னஸ்ட் ஜஸ்ட் என்ற உயிரியலாளர். கடல்வாழ் உயிரினங்களின் முட்டைகள் கருவுறும் விதத்தை ஆராய்ந்த அவருக்கு அப்போது வயது 31. முனைவர் பட்டம்கூட மறு ஆண்டில்தான் கிடைத்தது. அவருடைய நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் அவருக்கு ஒரு பணியிடம் தர முன்வராத நிலையில், பிற்காலத்தில் அவர் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களை நாடிச் செல்ல நேர்ந்தது. இத்தனைக்கும் முன்பே அவரை அடையாளம் கண்டுகொண்டது அவருடைய சமூகத்தின் பதக்கம்தான்.

அப்பதக்கத்தின் பட்டியலை ஆண்டுவாரியாகப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பெயரின் அருகிலும் அந்த ஆண்டில் நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால், விருது ஒன்று எந்த நேரத்தில் தரப்படுகிறது என்பதன் பொருள் விளங்கும். 1939-இல் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டன் நகரின் பெரிய அரங்கம் ஒன்று அவருடைய நிறத்தின் காரணமாக மறுக்கப்பட்டது. ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில், ஏறத்தாழ 75,000 பேர் முன்னிலையில் அவர் பாடினார். அதே ஆண்டில் ஸ்பிங்கார்ன் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது. கையளித்தவர் குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட். 1957-இல் அதைப் பெற்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது 1964-இல். மான்ட்கமரி நகரின் பேருந்துகளைக் கறுப்பின மக்கள் அவருடைய தலைமையில் 381 நாள்கள் புறக்கணித்து வென்ற அடுத்த ஆண்டிலேயே, அவர் யார் என்று அச்சமூகம் எழுதி வைத்துவிட்டது. உலகம் ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

தனி விருதுகளைப் பிரிவினை என்று குறைகூறுவதை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். அவை பொது விருதுகளுக்கு மாற்று அல்ல. அருகில் இருப்பவர்கள் முதலில் பார்க்கிறார்கள். பார்த்ததை எழுதி வைக்க அவர்களுக்கும் ஓர் ஏடு வேண்டும். பிரிட்டனில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசைக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று கண்ட கான்யா கிங், தம் வீட்டை மறு அடமானம் வைத்த பணத்தைக் கொண்டு 1996-இல் மோபோ விருதுகளைத் தொடங்கினார். கனடாவில் மோஹாக் இனத்தைச் சேர்ந்த இசை நடத்துநர் ஜான் கிம் பெல் 1993-இல் தொடங்கிய பழங்குடியினர் சாதனை விருதுகள், முதல் குடிகள், இனுவிட், மெட்டி ஆகிய மூன்று மக்களையும் உள்ளடக்கி, இப்போது இன்ட்ஸ்பயர் என்ற பெயரில் தொடர்கின்றன.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் விருது எனக்கு மிகவும் பிடித்தமானது, அதன் பெயருக்காகவே. ‘டெட்லி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உயிரைப் பறிக்கக்கூடியது என்று பொருள். ஆனால் அம்மக்கள் பேசும் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மிகச் சிறப்பானது என்று பொருள். தங்களைப் பாராட்ட அவர்கள் பிறருடைய அகராதியைத் திறக்கவில்லை. 1995-இல் தொடங்கிய டெட்லி விருதுகள் பின்னாளில் சிட்னி ஓபரா மாளிகையிலேயே நடக்கும் அளவுக்கு வளர்ந்தன. ஆயினும் 2013-உடன் அவை முடிவுக்கு வந்தன. அரசின் நிதி நிறுத்தப்பட்டதும் நடத்துகிற அமைப்பால் தொடர முடியவில்லை. ஒரு சமூகத்தின் நினைவேடு பிறருடைய வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை, எங்கள் சங்கத்தில் நன்கொடையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நான் எடுத்துச் சொல்கிறேன். விழா சிறியதாக இருந்தாலும், அதற்கான செலவில் ஒரு பகுதியையேனும் உறுப்பினர்களின் சந்தாவிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நன்கொடையாளர் தம் நிறுவனத்தின் பெயரை விருதுக்குச் சூட்டலாம். நடுவர் குழுவில் இருக்கை கேட்கக் கூடாது.

எல்லாப் பாராட்டும் ஏற்கத்தக்கதாக இருப்பதில்லை. கரீபியப் பின்னணி கொண்ட பிரிட்டிஷ் கவிஞர் பெஞ்சமின் செஃபனையா, 2003-இல் பிரிட்டிஷ் அரசு தமக்கு அளிக்க முன்வந்த ஓ.பி.இ. பட்டத்தை மறுத்தார். அப்பட்டத்தின் பெயரிலேயே ‘பேரரசு’ என்ற சொல் இருந்தது. அச்சொல் தம் முன்னோர் அடிமைப்படுத்தப்பட்டதை நினைவூட்டுகிறது என்றார் அவர். பெயர் சூட்டுகிறவர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பல இனங்களை ஒரே சுருக்கெழுத்தில் அடக்கும் வழக்கமும் இத்தகையதுதான். கறுப்பினத்தவர், ஆசியர், பிற சிறுபான்மை இனத்தவர் எல்லோரையும் சேர்த்துக் குறிக்கப் பிரிட்டனில் பரவலாக வழங்கிய ‘பேம்’ என்ற சுருக்கத்தைக் கைவிடுமாறு அரசு அமைத்த ஆணையமே 2021-இல் பரிந்துரைத்தது. விருது பெறுபவரின் இனத்துக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை மேடையில் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வது நடத்துகிறவர்களின் கடமை.

விருது ஒருவரைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஹோண்டுராஸ் நாட்டின் லெங்கா பழங்குடி மக்களின் ஆற்றில் அணை கட்டப்படுவதை எதிர்த்துப் போராடிய பெர்த்தா காசெரெஸ் 2015-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசைப் பெற்றார். 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே கைதட்டிய ஒருவருக்கு நேர்ந்தது இது என்பதால், ஒருவரை மேடையேற்றுகிறவர்கள் மறுநாள் அவர் திரும்பிச் செல்லும் இடத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

விழாவில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது கேடயமோ கைதட்டலோ அல்ல, விருது எதற்காகத் தரப்படுகிறது என்று மேடையில் வாசிக்கப்படும் தகுதியுரை. ‘சமூகத்துக்கு ஆற்றிய அரும்பணிக்காக’ என்று எழுதிவிட்டால் அது எவருக்கும் பொருந்தும், எவரையும் சொல்லாது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பெண்மணியைத் தேர்வுக் குழுவே முன்வந்து தேடிச் சென்றது. இதில் என்ன இருக்கிறது என்று அவர் மறுத்தார். அவரோடு பலமுறை அமர்ந்து, எந்த ஆண்டில் தொடங்கினார், முதலில் யாருக்காகச் சென்றார், எந்தச் சொல்லை மொழிபெயர்க்க முடியாமல் தவித்தார் என்றெல்லாம் கேட்டு எழுதினோம். புற்றுநோய் என்பதற்கு அவர்களுடைய மொழியில் முதியோர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல் இல்லை என்பதும், அதை எப்படிச் சொல்வது என்று அவர் தாமே ஒரு வழி வகுத்துக்கொண்டார் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. தகுதியுரையை இரு மொழிகளிலும் வாசித்தோம். அவருடைய பிள்ளைகள்கூட அவற்றில் பலவற்றை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள்.

விழா முடிந்த மறுவாரம் அவர் எங்களைத் தேடி வந்தார். தம்மோடு முறைவைத்து மருத்துவமனைக்குச் சென்ற வேறு சிலர் இருப்பதாகவும், அவர்களுள் இருவர் இறந்துவிட்டதாகவும், தகுதியுரையில் அந்தப் பெயர்கள் இல்லாதது தமக்கு உறுத்துவதாகவும் சொன்னார். நாங்கள் கேட்கத் தவறியிருந்தோம். உரையைத் திருத்தி அச்சிட்டுக் கொடுத்தோம். இந்த ஆண்டின் பரிந்துரைப் படிவத்தில், இப்பணியில் இவருடன் இருந்தவர்கள் யார் என்ற ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது. அதற்கென ஒதுக்கிய நான்கு வரிகள் போதவில்லை. படிவங்கள் பலவற்றில் பெயர்கள் பின்பக்கத்திலும் தொடர்கின்றன.