சரக்கு டிரெய்லரைக் கேம்பராக்குவது: எடையும் ஈரமும்

மூடிய சரக்கு டிரெய்லர் என்பது புல்வெட்டும் இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் நனையாமல் போய்ச் சேர்வதற்காகச் செய்த பெட்டி. எஃகுச் சட்டம், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். அதற்குள் இரண்டு பேர் படுத்து இரவு முழுக்க மூச்சு விடுவார்கள் என்ற எண்ணத்தில் யாரும் அதைச் செய்வதில்லை. அமெரிக்காவில் இதை வாங்கி, உள்ளே தூங்கிப் பயணிக்கிற கேம்பராக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கட்டில், அலமாரி, விளக்கு என்று மரவேலையைப் பற்றியே யோசிக்கிறார்கள். வண்டியைக் கெடுப்பது மரவேலை அல்ல, எடையும் ஈரமும்தான். இவை இரண்டையும் முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டால், அலமாரி கொஞ்சம் கோணலாக அமைந்தாலும் வண்டி உழைக்கும்.

இரண்டு பேருக்கு 6×12 அடி, ஒற்றை ஆக்சில் என்பது என் சிபாரிசு. பெயரில் ஆறடி அகலம் இருந்தாலும் உள்ளே கிடைப்பது சுமார் 68 அங்குலம். இரு சுவரிலும் தூண்களை மூடி அரை அங்குலம் காப்புப் பலகை வைத்தால் 67. அதாவது தலைக்கும் காலுக்கும் ஓர் அங்குலம் விட்டால், ஐந்தடி ஐந்து அங்குலத்துக்கு மேல் உயரமானவர் குறுக்கே படுத்தால் காலை மடக்கித்தான் தூங்க வேண்டும். அவர்களுக்குக் கட்டிலை நீளவாக்கில் போடுவதே வழி. உயரத்திலும் இதே கதை. உள்ளுயரம் 72 அங்குலம் என்றால் தரைக்கு ஓர் அங்குலம், கூரைக்கு ஒன்றரை அங்குலம் கழிந்து 69 அரைதான் மிஞ்சும். புதிதாக ஆர்டர் செய்கிறீர்கள் என்றால் ஆறு அங்குலம் கூடுதல் உயரம் கேளுங்கள். சுவர்த் தூண்களும் தரைக் குறுக்குச் சட்டங்களும் 24 அங்குல இடைவெளிக்குப் பதில் 16 அங்குலத்தில் இருக்கட்டும். இவற்றைப் பின்னால் சேர்க்கவே முடியாது.

பழையது வாங்கினால் முதலில் கீழே படுத்துச் சட்டத்தைப் பாருங்கள். மேல்துரு பரவாயில்லை, சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது என்றால் விட்டுவிடுங்கள். பின்கதவு ஓரத்துப் பிளைவுட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மழைநீர் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான்.

இனி எடை. இந்த அளவு டிரெய்லர்கள் பலவற்றில் 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சில் இருக்கும், ஆனால் வண்டியின் விவரத் தகட்டில் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்று அச்சடித்திருக்கும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தொட்டால் பிரேக் கட்டாயம் என்பதால்தான் இந்த விநோத எண். காலி எடை 1,300 என்று வைத்தால் உங்கள் கையில் இருப்பது 1,690. கேட்க நிறையத் தெரியும். ஆனால் முக்கால் அங்குலப் பிளைவுட் ஒரு முழுத் தாள், 4×8 அடி, 60 முதல் 70 பவுண்டு. அரை அங்குலம் 45 பக்கம், கால் அங்குலம் 25-க்குள். கட்டில் சட்டம், பெஞ்சு, அலமாரி என்று எல்லாவற்றையும் முக்கால் அங்குலத்தில் அடித்தால் மரம் மட்டுமே 500 பவுண்டு தாண்டும். தாங்கும் விளிம்புகளுக்கு மட்டும் ஒன்றரை அங்குலச் சட்டம் வைத்து, மேற்பரப்பை அரை அங்குலத்திலும் பக்கங்களைக் கால் அங்குலத்திலும் முடித்தால் பாதியாகும். தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு, 20 காலன் தொட்டி நிரம்பினால் 167. மாற்று வேலைக்கு 700, சாமானுக்கு 400 என்று எல்லை வைத்துக்கொண்டால் மொத்தம் 2,400-இல் நிற்கும்.

இழுக்கும் வண்டிக்கும் இதே கணக்கு உண்டு. மினிவேன்கள் பலவற்றின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு. சிறிய எஸ்யூவிகள் பலவற்றில் 1,500 மட்டுமே. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பையும் படியுங்கள். டிரெய்லரின் நாக்கு, அதாவது காரோடு மாட்டுகிற முன்நீட்டம், காரின் மேல் அழுத்தும் எடை அந்த வரம்பிலிருந்து கழியும். அதோடு நாலு பேர், பின்னால் பெட்டி படுக்கை என்றால் டிரெய்லர் சரியாக இருந்தும் கார் வரம்பு மீறிவிடும். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் டிரெய்லருக்கு மின் பிரேக் போடுங்கள் என்பேன். ஆர்டர் செய்யும்போதே சொன்னால் சில நூறு டாலரில் முடியும். காரில் பிரேக் கன்ட்ரோலரும் ஏழு முனை இணைப்பும் வேண்டும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் ஓட்டைகள்: கூரை விசிறி, ஜன்னல்கள். அடுத்து தண்ணீர்ச் சோதனை. அதற்குப் பிறகுதான் காப்பு, வயர், சுவர், மரவேலை. உள்ளே எல்லாம் அழகாக முடித்த பிறகு கூரையை வெட்டினால், ஒழுகுவது தெரியவே மாதங்கள் ஆகும். தெரியும்போது காப்புப் பலகைக்குப் பின்னால் பிளைவுட் கறுத்திருக்கும்.

கூரை விசிறிக்கான வழக்கமான ஓட்டை 14×14 அங்குலம். உள்ளிருந்து கூரைக் குறுக்குச் சட்டங்களைப் பார்த்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் இடம் குறியுங்கள். நான்கு மூலையிலும் உள்ளிருந்தே மேல்நோக்கித் துளையிட்டால் வெளியில் அளவு தானாகக் கிடைக்கும். கூரைமேல் ஏறினால் பிளைவுட் தாள் விரித்து அதன்மேல் முட்டி போடுங்கள்; சட்டங்களுக்கு நடுவில் தகட்டை மிதித்தால் குழி விழும், அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். உலோகத்துக்கான நெருக்கமான பல் உள்ள பிளேடைப் போட்டு ஜிக்சாவால் வெட்டுங்கள். வெட்டுமுன் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பெயின்ட் கீறாது. கூரை கால்வனைஸ்டு எஃகு என்றால் வெட்டுத் துகளை அன்றே காந்தம் வைத்துச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். ஓர் இரவு பனி பட்டால் போதும், வெள்ளைக் கூரை முழுக்கத் துருப்புள்ளி.

விளிம்பை அரத்தால் தேய்த்து, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, உள்ளே ஓட்டையைச் சுற்றி மரச் சட்டம் பொருத்துங்கள். சட்டம் இல்லாமல் வெறும் தகட்டில் ஸ்க்ரூ பிடிக்காது. விசிறியின் விளிம்புக்கு அடியில் ப்யூட்டைல் டேப், அதாவது பிசின் போன்ற மென்மையான ரப்பர் நாடா. ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். டேப் மெதுவாகத்தான் பிதுங்கும். ஒரே மூச்சில் முறுக்கினால் ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்து நிற்கும். ஒருநாள் விட்டு மறுபடி முறுக்கி, பிதுங்கியதை வெட்டி எடுத்துவிட்டு, ஸ்க்ரூத் தலைகளும் விளிம்பும் மறையும்படி ஆர்வி (தங்கிப் பயணிக்கும் வண்டி) கூரைக்கென்றே விற்கும் லேப் சீலன்ட் ஊற்றுங்கள். கூரைக்குத் தானாகப் பரவும் வகை, சுவருக்கு வழியாத வகை. சிலிக்கான் மட்டும் வேண்டாம். அது விட்டுப்போன பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. புதுச் சிலிக்கான்கூட ஒட்டாது.

பிறகு தோட்டத்து ஹோஸை எடுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு இணைப்பிலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது.

கதவைப் பற்றி ஒன்று. சரக்கு டிரெய்லரின் பூட்டுத் தண்டு வெளியிலிருந்துதான் இயங்கும். யாராவது வெளியே தாழ்போட்டால் உள்ளே இருப்பவர் வெளியேற முடியாது. பக்கக் கதவில் உள்ளிருந்தும் திறக்கிற ஆர்வி பூட்டு கட்டாயம். எதிர்ச் சுவரிலோ பின்னாலோ ஓர் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு ஒரு ஜன்னல் இருக்கட்டும். தீப்பிடித்தால் கதவுப் பக்கமே தீ இருக்கலாம்.

ஈரத்துக்கு வருவோம். தூங்கும் இரண்டு பேர் ஓர் இரவில் சுமார் அரை லிட்டர் நீரை மூச்சாகவும் வியர்வையாகவும் விடுகிறார்கள். வெளியே குளிர் என்றால் அந்த நீராவி உள்ளே மிகக் குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய்ப் படியும். அது எஃகுத் தூண். தூண்களுக்கு நடுவே மட்டும் காப்பு வைத்து மேலே பிளைவுட் அடித்தவர்கள், சில மாதத்தில் சுவரில் 16 அங்குலத்துக்கு ஒன்றாக விலா எலும்பு போல ஈரக்கோடுகளைப் பார்ப்பார்கள். ஆகவே நடுவில் ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (கெட்டியான ஃபோம் காப்புப் பலகை) வைப்பதோடு, தூண்களையும் மூடி அரை அங்குலப் பலகை ஒன்று தொடர்ச்சியாகப் போக வேண்டும். அகலத்தில் மொத்தம் ஓர் அங்குலம் போகும். கொடுக்கத்தான் வேண்டும். பலகை இணைப்புகளைத் தகட்டு டேப்பால் ஒட்டுங்கள். இடுக்குகளை நிரப்ப ஜன்னல், கதவுகளுக்கான மெதுவாக விரியும் ஃபோம் மட்டும் போதும். வேகமாக விரிவதைப் போட்டால் மெல்லிய அலுமினியத் தகட்டை வெளியே தள்ளிப் புடைக்க வைத்துவிடும். சுவருக்குள் போகும் ஓரவிளக்கு வயர்களை மூடுமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காப்பு வைத்தாலும் காற்றோட்டம் இல்லாவிட்டால் பயனில்லை. இரவில் விசிறி மிகக் குறைந்த வேகத்தில் வெளியே தள்ளட்டும், வண்டியின் மறுகோடியில் ஜன்னல் அரை அங்குலம் திறந்திருக்கட்டும். மெத்தைக்கு அடியில் சட்டப்பலகை இடைவெளி விட்டு இருக்க வேண்டும். முழுப் பிளைவுட்மேல் மெத்தை போட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

சூடேற்ற உள்ளே எரியும் புரொபேன் ஹீட்டர் வைக்கிறவர்கள் அதிகம். ஒரு பவுண்டு புரொபேன் எரிந்தால் சுமார் 1.6 பவுண்டு நீராவி வரும். ஈரத்தோடு சண்டை போட்டுக்கொண்டே ஈரத்தைத் தயாரிக்கும் வேலை அது. கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. தரைக்கு அடியிலிருந்து காற்றை இழுத்துப் புகையையும் வெளியே விடும் 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் இந்த அளவு வண்டிக்குத் தாராளம். அதில் எப்போதும் வரும் புகார், பற்றவே மாட்டேன் என்பது. பற்றும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 15 அடி தூரத்துக்கு 14 கேஜ் வயர் போட்டிருந்தால் போக வரச் சேர்த்து முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும்; ஹீட்டர் மின்னழுத்தம் குறைவு என்று நின்றுவிடும். அதைவிடத் தடித்த 10 கேஜ் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். இன்னொன்று, எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் உள்ளே கரி படியும். அவ்வப்போது இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். எந்த ஹீட்டராக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூடத் தூங்காதீர்கள்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று, 1,280 வாட்-மணி. பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் நாளுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி, விசிறி, விளக்கு, போன் எல்லாம் சேர்த்து 15. சூரியன் இல்லாமலே கிட்டத்தட்ட இரண்டு நாள் தாங்கும். பேட்டரி முனையிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் முதன்மை ஃபியூஸ் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே இந்த வகைப் பேட்டரியைச் சார்ஜ் செய்யக்கூடாது. அதனால் நாக்குப் பெட்டியில் வைக்காமல் காப்புக்குள்ளே வையுங்கள். வயர் எஃகைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் வேண்டும்.

சோலார் பேனலைக் கூரையில் பதிப்பது வழக்கம். மரநிழலில் முகாமிடுகிறவர்களுக்கு அது வீண் என்பேன். 200 வாட் மடக்குப் பேனலும் 25 அடி கேபிளும் இருந்தால் வெயில் விழும் இடத்துக்கு நகர்த்தலாம். கூரையில் பத்துப் பன்னிரண்டு ஓட்டையும் மிச்சம்.

இண்டக்‌ஷன் அடுப்பு ஆசை பலருக்கு உண்டு. 1,200 வாட்டில் ஓட்டினால் இன்வர்ட்டர் இழப்போடு பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் போகும். பல 100 ஆம்பியர்-மணி பேட்டரிகளின் உள்பாதுகாப்பு அந்த இடத்தில்தான் துண்டிக்கும். குக்கர் முதல் விசில் அடிக்குமுன் எல்லாம் அணைந்துவிடும். நம் சமையலுக்கு அடுப்பு வெளியே இருப்பதுதான் நல்லது. இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் கடுகும் மிளகாயும் தாளித்தால் எண்ணெய்ப் பிசுக்கும் நெடியும் மெத்தையில் ஏறிவிடும், ஆவி சுவரில் படியும். இரட்டைப் பின்கதவு உள்ள வண்டியில் கதவுக்கு உள்பக்கம் இழுப்பறைச் சமையல் மேடை அமைத்து, கதவைத் திறந்து வெளியே நின்று சமைக்கலாம். புரொபேன் சிலிண்டர் எப்போதும் வெளியே, நாக்கின் மேல்.

மரவேலை முடிந்ததும் சாமான் ஏற்றி நாக்கு எடையை அளக்க வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். 2,400-க்கு 240 முதல் 360. காரின் நாக்கு வரம்பு 350 என்றால் அதற்குள். குறைந்தால் நெடுஞ்சாலையில் பின்பக்கம் வாலாட்டும். குளியலறைத் தராசிலேயே அளக்கலாம்: ஒரு வலுவான கட்டையின் ஒரு முனை செங்கல் மேலும் மறுமுனை தராசு மேலும், இரண்டிலும் ஒரு குழாய்த் துண்டை வைத்து, மூன்றடி இடைவெளியில் நிற்கட்டும். செங்கல் பக்கத்திலிருந்து ஓர் அடியில் நாக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதிலிருந்து, கட்டை மட்டும் இருந்தபோது அது காட்டியதைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் நாக்கு எடை. குறைவாக இருந்தால் பேட்டரியையும் தண்ணீரையும் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள். பின்கதவுச் சமையல் மேடை இருக்கும் வண்டியில் இது பெரும்பாலும் தேவைப்படும்.

டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு வருடம் ஆகியிருந்தால் பட்டை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பேரிங் கிரீஸ் வருடத்துக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை. சக்கரம் கழற்றி மாட்டினால் நட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்கி, 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி சரிபாருங்கள்.