அப்பாவின் 'சோவியத் நாடு', எங்கள் தெரு கேரம்

எனக்குத் தெரிந்த முதல் வெளிநாடு ரஷ்யா. வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு அதைக் கூட்டிவந்தது 'சோவியத் நாடு' பத்திரிகை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா சந்தா கட்டி வரவழைப்பார். அவர் படித்து முடித்ததும் அந்த வழவழ தாளைக் கிழித்து அம்மா எங்கள் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுப்பார். என் கணக்கு நோட்டின் முதுகில் ஒரு விண்வெளி வீரர் இருந்தார், அவர் பெயர் தமிழில்.

தமிழில் இருந்ததால்தான் அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. சோவியத்காரர்கள் ரா. கிருஷ்ணையா போன்றவர்களை மாஸ்கோவுக்கே அழைத்துப்போய் ரஷ்ய நாவல்களை மொழிபெயர்க்க வைத்தார்கள். ஒரு தொழிலாளி சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றார்கள். 1991-ல் சோவியத் யூனியன் என்ற அந்த நாடே இல்லாமல் போனது. அப்பாவுக்கு அதன்மேல் இருந்த பாசம் கடைசிவரை போகவில்லை.

அவர்கள் இங்கே செய்ததில் பெரியது என்று நான் நினைப்பது வேறு. சென்னை சோவியத் கலாசார மையத்துக்குள் உலக சாம்பியன் மிகயில் டால் பெயரில் ஒரு செஸ் கிளப் நடந்தது. அங்கே போய் விளையாடிய சிறுவன்தான் விஸ்வநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஓர் அறை, சில பலகைகள், வருகிற பிள்ளைகளை உட்காரவிடும் மனசு, அவ்வளவுதான் தேவைப்பட்டது.

சரி, நாம்? மௌலானா ஆசாத் 1950-ல் தொடங்கிவைத்த இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சில் பல நாடுகளில் மையங்கள் நடத்துகிறது. நடனம், தபலா, யோகா, இந்தி எல்லாம் சொல்லித்தருகிறார்கள். நல்ல வேலை. அந்த மையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கேரம் போர்டும் போட வேண்டும் என்பது என் ஆசை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கியதே சென்னையில்தான். 2008-ல் உலக சாம்பியன் ஆன இளவழகி எங்கள் வியாசர்பாடிக்காரர். 2024-ல் அமெரிக்காவில் 3 தங்கம் வென்ற காசிமா பக்கத்து வண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநரின் மகள். வடசென்னை உலகத்துக்குக் கற்றுத்தரக்கூடிய விஷயம் இது. புத்தகத்துக்கு மொழி வேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம்.

போன மாதம் நேரில் பார்த்தேன். எங்கள் தெருமுனையில் டிரம்மின் மேல் போர்டு, தலைக்கு மேலே ஒரு குண்டு பல்பு. கட்டட வேலைக்கு வந்த பீகார் பையன் ஒருவன் ரொம்ப நேரம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆட்டக்காரர் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, மூச்சைப் பிடித்துச் சுண்டினான். ரெட் விழுந்தது. அடுத்து தன் காய் ஒன்றையும் போட்டால்தான் ரெட் அவனுக்கு. "ஃபாலோ போடுப்பா, ஃபாலோ!" என்று நாலு பேர் கத்தினார்கள். அதையும் போட்டான்.

மறுநாள் சாயங்காலம் அவனே போர்டில் தூவ ஒரு போரிக் பவுடர் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.